டின் வரப்பு

1

பிற்பகல் 3.40. குத்தாலம் புறவழிச்சாலையில் நண்பர் அஹமது கபீரின் புதுக் கார் தானாக நின்றது. பக்கத்து இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த என் நெற்றி டாஷ்போர்டில் இடித்தது. இந்தக் கதை அந்த வீக்கத்தில் தொடங்குகிறது. இதைவிட உயர்ந்த காரணம் இல்லை.

2

முதல் வரி: “காவிரி பாயும் இந்த மண்ணில்—” (அடித்துவிட்டேன். காவிரி அங்கிருந்து தெரியாது.)

இரண்டாவது: “இயந்திரத்துக்கும் மனசாட்சி—” (இதை அடிக்க ஒரு நாள் ஆயிற்று. பிடித்திருந்தது.)

நடந்தது இதுதான். சாலையில் கால்வாசி அகலத்துக்குக் குறுவை நெல் காய்ந்தது. அதன் விளிம்பில் மூன்று எண்ணெய் டின்கள். காளியம்மாள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கபீர் கண்ணாடியை இறக்கினார். துபாயிலிருந்து வந்து பதினைந்து நாள். கார் வாங்கிப் பத்து நாள்.

“ஏம்மா, ரோட்டுலயா காயப் போடுவாங்க?”

“எங்க வயல்லதான் காயுது. அது மேல ரோட்டப் போட்டுட்டாங்க.”

3

(அடிக்குறிப்பு, இடம் போதாமல் மேலே வந்துவிட்டது: காரின் முகப்பில் ஒரு ராடார் இருக்கிறது. அலையை அனுப்பும். பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும். மோதப்போகிறது என்றால் பிரேக்கைப் பிடிக்கும். தகரம் அலையை நன்றாகத் திருப்பும். மனித உடல் அவ்வளவு திருப்பாது. இதைக் குறியீடாகப் படிக்க வேண்டாம். படிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.)

4

காளியம்மாள் எனக்குச் சரியாக வரவில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் அவருடைய அப்பா காத்தானுக்குக் கிடைத்த நிலம் அது. ஆட்சி பலமுறை மாறியது. பட்டா அவர் பெயருக்கு மாறவில்லை. சாலை வந்தது. இதைப் பற்றி அவருக்கு ஒன்றரைப் பக்க வசனம் எழுதினேன். சரிபார்க்க மறுநாள் தனியாகப் போனேன்.

டின்கள் சாலைக்குள் இன்னும் ஒரு முழம் வந்திருந்தன.

“நேத்து வெள்ளைக் கோட்டுலல்ல இருந்துச்சு?”

“புதுக் காரெல்லாம் டின்னக் கண்டா நிக்குது சார். என்னையக் கண்டா ஆரன்தான் அடிக்கிறான். அதான் தெனம் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.”

“எதுவரைக்கும்?”

“அந்தாண்ட புளியமரம் தெரியுதுல்ல? அதுவரைக்கும் எங்களுது. இப்ப நெல்லு காயட்டும். ஈரம் இருந்தா கொள்முதல்ல மூட்டையத் திருப்பி அனுப்பிடுவான்.”

வசனத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

5

முடிவுகள்:

அ. அதிகாரிகள் வந்து டின்களை அள்ளிப் போகிறார்கள். (நடக்கக்கூடியது. ஆகவே அலுப்பு.)

ஆ. கார் காராக நிற்க, டின்கள் புளியமரத்தை அடைகின்றன. நிலம் திரும்புகிறது. (பரிசு கிடைக்கும்.)

இ. ராடார் இல்லாத பழைய கார் ஒன்று வேகமாக வரு—

நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றாவதை நான் எழுத மாட்டேன். அன்று தனியாக நான் போனது என்னுடைய இருபது வருடத்துக் காரில்.

கிளம்பச் சாவியைத் திருகினேன். மூன்றாவது முறை கிளம்பியது. காளியம்மாள் கடைசி டின்னைத் தூக்கிச் சாலை நடுவில் வைத்தார். அதன் பக்கத்திலேயே நின்று நெல்லைக் கிளறினார். பிறகு தலையை நிமிர்த்தி என் காரின் முகப்பைப் பார்த்தார்.

“நீங்க நாளைக்கும் இந்த வழியாத்தான வருவீங்க? இது தானா நிக்குமா சார்?”