குவாரி சாலை, மூன்றாவது மைல்

சர்க்கரைக் கிண்ணம்தான் சவப்பெட்டி. உப்பு ஜாடி குதிரை. மிளகுத்தூள் ஜாடி பாக்பைப் வாசிக்கிறவர். ராய்ஸ் கெம்மரர் இவற்றை அல்டோனாவின் சமையலறை மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டு, தன் காபிக் கோப்பையை எல்லாவற்றுக்கும் முன்னால் நகர்த்தினார்.

"இது நான்," என்றார்.

"அப்பாவுக்கு முன்னாலயா, சீஃப்?"

"தலைவர் முன்னால போறதுதான் மரபு, கண்ணு. நாப்பது சீஃப் வர்றாங்க. ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்ல?"

அந்த மரபுக்கு வயது ஐந்து. ஐந்து மாவட்டக் காவல் தலைவர்கள் சங்கத்துக்குக் கெம்மரர் தலைவராகி ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு சங்கத் தலைவர் என்றால் மாதக் கூட்டத்தில் மரச்சுத்தியலைத் தட்டி, "சாப்பாடு வந்தாச்சு" என்று அறிவிக்கிற ஆள். கெம்மரர் அந்தப் பதவிக்குக் கழுத்துச் சங்கிலி கொண்டுவந்தார். பிறகு சங்கிலிக்குப் பொருத்தமாகக் கையுறை. பிறகு, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராகக் கூடாது என்ற விதியைத் திருத்த ஒரு குழு.

சங்கத்தின் வேலையைச் செய்தவர் ஸ்டான்லி யுர்கோனிஸ். நாலு போலீஸ்காரர்கள் மட்டுமே உள்ள கார்வின் என்ற சுரங்க ஊரின் சீஃப். பதினாலு வருடம் சங்கச் செயலாளர். எந்த ஊர் எல்லையானாலும் சரி, உதவி கேட்டால் பக்கத்தில் இருப்பவர் போயாக வேண்டும் என்ற ஒப்பந்தத்தை எழுதி, நாற்பது ஊர்களில் கையெழுத்து வாங்கியவர். கெம்மரர் மூன்றாவது முறை நிற்கிறார் என்றதும், போன மாதம் எழுந்து நின்று, "அப்ப நானும் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே மேடைப்பேச்சு அது.

இப்போது அவர் சர்க்கரைக் கிண்ணம்.

"கன்ட்ரோல்லேர்ந்து வர்ற அந்தக் கடைசி அழைப்பு," என்று ஆரம்பித்தாள் அல்டோனா. "அதுக்குக் கல்லறைப் பக்கத்துல யாராவது வாக்கி டாக்கியப் பிடிச்சிட்டு நிக்கணும்."

"கார்வின் பசங்கள்ல ஒருத்தன் பிடிக்கட்டுமே."

"நீங்க பிடிச்சா அப்பாவுக்குப் பெருமை. உங்க வாக்கியிலேயே வரட்டும். தலைவரில்லையா நீங்க?"

கெம்மரரின் கண் கலங்கியது. தன்னைப் பற்றிய பேச்சென்றால் அவருக்குச் சட்டென்று கலங்கிவிடும். "அவன் ஆசைப்பட்டிருப்பான்," என்றார்.

"ஆமாம் சீஃப்."

அவர் போன பிறகு அவள் கோப்பையைக் கழுவினாள். ஒரு தடவை கழுவியது போதவில்லை.

போன சனிக்கிழமை மதியம் மாவட்டக் கன்ட்ரோல் ரூமில் அவள்தான் பணியில் இருந்தாள். மில் தெருவில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்தான். அப்பா வாசலில் நின்று உதவி கேட்டார். திரையில் பார்த்தபோது மிகப் பக்கத்தில் இருந்தது கெம்மரரின் வண்டி. நாலு நிமிட தூரம். "யூனிட் ஒண்ணு," என்று கூப்பிட்டாள். நாலு தடவை கூப்பிட்டாள். வண்டி அசையவில்லை. ஒன்பதாவது நிமிடம் அப்பாவின் குரல் வந்தது. "கன்ட்ரோல், இனிமே காத்திருக்க முடியாது. அந்தப் பொண்ணு கத்துது. உள்ள போறேன்." வேலையில் அவர் மகளைக் கன்ட்ரோல் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பெண் பிழைத்தாள். அப்பா அவனைப் படிக்கட்டுக் கம்பியோடு விலங்கிட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு படி கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று. இதயம்.

கோடைக்கால விருந்தை எந்தப் பூங்காவில் வைப்பது என்று ஏழு மாதம் விவாதிக்கிற சங்கம், இதை மூன்றே நாளில் விசாரித்து முடித்தது. 'சம்பந்தப்பட்ட நேரத்தில் யூனிட் 1 குவாரி சாலை மூன்றாவது மைலில், ரேடியோ அலை எட்டாத பள்ளப் பகுதியில் இருந்தது. காலமான அதிகாரி, உதவி வரும்வரை காத்திருக்கும் விதியை மீறியுள்ளார்.' துணைத் தலைவர் வெல்டன் எழுதிய அறிக்கை. வண்டி எங்கே நின்றது என்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிட்டதால் பழியை அவர் பள்ளத்தின் மேல் போட்டிருந்தார். நாற்பது சீஃப்களுக்கும் அறிக்கை போனது. கீழே கெம்மரரின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் படம். அவருக்குக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உண்டு. படிக்கிற பழக்கம் கிடையாது.

அல்டோனா படித்தாள். பத்துத் தடவை படித்தாள். மூன்றாவது மைல் என்பது செயின்ட் கசிமிர் கல்லறைத் தோட்டத்தின் கீழ்வாசல். அவள் அம்மாவை அடக்கம் செய்திருக்கும் இடம்.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவின் வாக்கி டாக்கியோடு அங்கே போய் நின்றாள். கன்ட்ரோல் ரூமிலிருந்து பெர்னி கூப்பிட்டாள். இருபத்தாறு வருடம் பக்கத்து நாற்காலியில் இருப்பவள், சிகரெட் குரல்.

"எப்பிடிடி கேக்குது?"

"நீ மிட்டாய் சப்புறது வரைக்கும் கேக்குது."

மிட்டாயைக் கடித்து உடைக்கிற சத்தம் வந்தது.

"நாசமாப் போறவன்," என்றாள் பெர்னி. "கேட்டுட்டே உக்காந்திருந்திருக்கான். சரி, என்ன பண்ணணும்னு சொல்லு."

மாவட்டத் தலைநகரில் கார் நிறுத்த வசதியுள்ள பெரிய கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று கெம்மரர் சொல்லிப் பார்த்தார். "அம்மா பக்கத்துல," என்றாள் அல்டோனா. அதற்கு மேல் யாரால் பேச முடியும்?

குதிரை வந்தது. பாக்பைப் வந்தது. நாற்பது சீஃப்கள் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, பதவி மூப்புப்படி நின்றார்கள். இருவருக்குள் யார் மூத்தவர் என்று சின்னத் தகராறு நடந்து தீர்ந்தது. மேல்வாசல் வழியாக வந்த ஊர்வலம் சரிவில் இறங்கிக் கீழ்வாசல் அருகே நின்றது. பாதிரியார் ஆறு நிமிடம் பேசினார். கெம்மரர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். ஸ்டான்லியின் பெயர் அதில் மூன்று முறை வந்தது. பிறகு சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, வாக்கி டாக்கியை நெஞ்சுயரத்தில் தூக்கிப் பிடித்தார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கூட்டத்துக்கு எது வரப்போகிறது என்று தெரியும். இறந்தவரின் எண்ணை மூன்று முறை அழைப்பார்கள். பதில் வராது. பணி முடிந்தது என்று அறிவித்து அந்த எண்ணை எடுத்துவிடுவார்கள்.

கரகரப்பு. பெர்னியின் குரல்.

"கன்ட்ரோல், யூனிட் ஒண்ணு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்கிறேன். குவாரி சாலை மூணாவது மைல்ல நான் பேசறது கேக்குதா?"

முப்பத்தோரு வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. தன் எண்ணைக் கேட்டதும் கெம்மரரின் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. நாற்பது பேருக்கும் கேட்கும் மேடைக் குரலில் சொன்னார்:

"யூனிட் ஒண்ணு. சத்தமா, தெளிவாக் கேக்குது."

பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் அவர் கீழ்வாசலைப் பார்த்தார். தூணில் மைல் எண் பலகை. வெள்ளையில் கறுப்பு மூன்று.

வெல்டன் தன் காலணியில் ஏதோ தேடினார். பின்வரிசையில் ஒரு வயதான சீஃப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மாட்டிக்கொண்டார். அல்டோனா கெம்மரரின் முகத்தையே பார்த்தாள். ஒரு வாரமாக அந்த முகத்துக்காகத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள், தலை வாரிக்கொண்டாள். இப்போது அதன் நிறம் காதோரத்திலிருந்து இறங்குவதை அவசரப்படாமல் பார்த்தாள்.

"நன்றி, யூனிட் ஒண்ணு," என்றாள் பெர்னி. "பதிவு பண்ணிக்கிட்டேன்."

பிறகு குரல் மாறியது. இப்போது அப்பாவின் எண்.

"கன்ட்ரோல், யூனிட் பதினாலு."

கெம்மரரின் கையிலிருந்து வந்த அதே குரல், அல்டோனாவின் கோட்டுப் பையிலிருந்தும் வந்தது. புதன்கிழமை சோதித்தபின் அப்பாவின் வாக்கி டாக்கியை அவள் அணைக்கவே இல்லை.

"கன்ட்ரோல், யூனிட் பதினாலு."

திட்டத்தில் யூனிட் ஒன்று வரைதான் அவள் யோசித்திருந்தாள். அதற்குப் பின்னால் இது இருப்பது தெரியும், ஆனால் யோசித்திருக்கவில்லை. பைக்குள் கை போய்ப் பொத்தானின் மேல் நின்றது. ரப்பர், அவர் விரல் படுகிற இடத்தில் தேய்ந்திருந்தது.

"கன்ட்ரோல், யூனிட் பதினாலு."

சரிவில் குதிரை தலையை உதறியது.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறி, முட்டைக்கோஸ் போட்ட ஹாலுஷ்கி நூடுல்ஸ், தட்டுகளின் அடியில் திருப்பித் தர வசதியாகப் பிளாஸ்திரி ஒட்டி எழுதிய பக்கத்து வீட்டுப் பெயர்கள். உட்கார இடமில்லாமல் சிலர் சுவரோரம் நின்றே சாப்பிட்டார்கள். கெம்மரருக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தன. சங்கிலியை எப்போது கழற்றினார் என்று யாரும் பார்க்கவில்லை.

வெல்டன் தட்டோடு அவளிடம் வந்தார். "செவ்வாய்க்கிழமை கூட்டம்மா. அந்த அறிக்கைய... மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாக்கணும்னு எல்லாரும் அபிப்பிராயப்படறாங்க."

"நீங்க எழுதினதுதான, சீஃப்?"

"எழுதச் சொன்னாரு, எழுதினேன்."

"அதையும் செவ்வாய்க்கிழமை சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சர்க்கரைக் கிண்ணத்தை அடுப்புப் பக்கம் அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பையிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தாள். பேட்டரி தீரப்போகிறது என்று சின்னதாக ஒரு சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அப்பா தினமும் சாயங்காலம் வைக்கிற மாதிரி, அதைச் சார்ஜரில் நிறுத்தி வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

முழுசாக ஏறிப் பச்சையாவதற்கு நாலு மணி நேரம் ஆகும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.