தள்ளுபடி மட்டை

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு பொய். சொன்னவள் திரௌபதி, பத்தாம் வகுப்பு. நான் அவளைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘1983, கார்த்திகை தீபத்துக்கு ஊரே கூடியிருந்த...’ வேண்டாம். கூட்டத்துக்குள் ஒளியப் பார்க்கிறேன்.

அடுத்தது: ‘உண்ணாமலையின் இடது கண்ணில் பந்து பட்டபோது...’ இதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆனால் ஆரம்பம் இதுதான்.

2

வேலூர் டென்னிஸ் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். டிரில் டீச்சர் உண்ணாமலையின் பெயரைச் சொன்னார். அன்று சாயங்காலமே, வலையருகே நின்றிருந்த உண்ணாமலையின் கண்ணில் திரௌபதி அடித்த பந்து பட்டது. இப்போது அந்தக் கண்ணில் கட்டு. போட்டிக்குத் திரௌபதி போகிறாள்.

“ஸ்கூல் பேட்டுல நரம்பு தொய்ஞ்சிருக்கு டீச்சர். வேகமா போவுது, நெனச்ச எடத்துக்குப் போவல,” என்றாள் திரௌபதி.

எல்லோரும் நம்பினார்கள். “அப்ப வேற பேட்டு பாருடி,” என்றார் டீச்சர்.

(திரௌபதி கெட்டவளா? இந்தக் கேள்விக்குப் பதில் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடித்துவிட்டேன்.)

3

செங்கம் ரோட்டில் அருணகிரியின் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் சாமான்களைப் பாதி விலைக்கு விற்பவர்.* திரௌபதி அங்கே மட்டை வாங்கப் போனாள். உண்ணாமலையும் கூடவே வந்தாள். வராதே என்று எந்த வாயால் சொல்வது?

* தியானம் செய்ய வந்தவர் டென்னிஸ் மட்டை எதற்குக் கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

இரண்டு மட்டைகள் இருந்தன. ஒன்றில் நரம்பு விறைப்பு. பந்து சொன்னபடி கேட்கும், வேகம் வராது. மற்றதில் தொய்வு, லேசாகத் தட்டினாலே பறக்கும்.

“தொய்ஞ்சதுக்கு இன்னும் கம்மி பண்றேன் பாப்பா,” என்றார் அருணகிரி. “வெயிட்டும் ஜாஸ்தி. அதுக்குத் தனியா காசு கேக்கல பாரு.”

“விறைப்பா இருக்கறதே குடுங்கண்ணா.” திரௌபதிக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும்.

“அடிச்சிப் பாக்காம வாங்குவியா?” என்றாள் உண்ணாமலை. “கத்திரிக்காயவே அமுக்கிப் பாத்துதான்டி வாங்குறோம்.”

கடைக்குப் பின்னால் காலிமனை. உண்ணாமலை அங்கிருந்த குட்டிச்சுவரில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு அதற்கு ஒரு சாண் தள்ளித் தலை இருக்கும்படி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“தொய்ஞ்ச பேட்டுலயே அடி. வட்டத்துல படட்டும்.”

“மொதல்ல நீ நகருடி.”

“ஏன்? நெனச்ச எடத்துக்குப் போவாதா?”

கட்டில்லாத கண் இமைக்கவே இல்லை.

“பாத்து பாப்பா, பக்கத்து வூட்டு ஓடு ஒடஞ்சிரப் போவுது!” என்று கடைக்குள்ளிருந்து அருணகிரி கத்தினார்.

4

முடிவு ஒன்று: பந்து வட்டத்தின் நடுவில் படுகிறது. தொய்ந்த மட்டையிலும் திரௌபதி குறி தவறமாட்டாள் என்று உண்ணாமலைக்குத் தெரிந்துபோகிறது. அன்றைக்கும் தவறவில்லை என்பதும்.

முடிவு இரண்டு: வேண்டுமென்றே தவறவிடுகிறாள். பொய் பிழைத்துக்கொள்கிறது. பந்து இடப்பக்கம் தவறினால் வெறும் சுவர். வலப்பக்கம் தவறினால்

(முடிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று: மட்டையைக் கீழே வைத்துவிட்டு நானே சொல்லிவிடுகிறேன். ‘உண்ணா, ஒம் பேரு சொன்னதும் நீ என்னப் பாத்து சிரிச்ச பாரு, அப்ப எனக்கு...’

(திரௌபதி என்று எழுத வேண்டிய இடம். அடிக்கக் கை வரவில்லை. இருக்கட்டும்.)

5

மூன்றில் எது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. இந்த நேரத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு, எனக்கு அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உண்ணாமலை அங்கேயே நிற்கிறாள். வட்டத்துக்கும் அவள் காதுக்கும் நடுவே ஒரு சாண். பந்தை மேலே போட்டாகிவிட்டது. நான் விலகிக்கொள்கிறேன். மட்டையை நீங்கள் பிடியுங்கள்.

எங்கே அடிக்கப் போகிறீர்கள்?