தொட்டியில் மிச்சம்

அலுவலகத்தில் அவளுக்குக் குப்பைக்காரி என்று பட்டப்பெயர். செத்துப்போன செயற்கைக்கோள்களை வானத்திலேயே பிடித்து, உருக்கி, அந்த உலோகத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று ஒன்பது வருடம் மேலதிகாரியின் உயிரை வாங்கி, இடுக்கிக் கை பொருத்திய ஒரு கலத்தை விண்ணுக்கு அனுப்ப வைத்தவள். அனுமதி ஒரே ஒரு முயற்சிக்குத்தான். சொதப்பினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பாதையில் ஏழு கிழட்டுச் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஏழையும் ஒரு காலத்தில் இயக்கியவர் அவளுடைய அப்பா. அவற்றை நிறுத்தியபோது ஏழுக்கும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: எரிபொருள் தொட்டி காலி. அப்பா எழுதினால் கல்வெட்டு. காலித் தொட்டி எவ்வளவு அழுத்தம் தாங்குமோ, அந்த அளவுக்கு இடுக்கியின் பிடியை வைத்தாள்.

காலை பதினொன்றே காலுக்கு இடுக்கி முதல் கோளின் இடுப்பைப் பற்றியது.

"புடிச்சாச்சு!" என்று கத்தினாள்.

கைதட்டப் போன பக்கத்து மேசைக்காரரின் கை பாதியில் நின்றது. திரையில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் மூன்று, பிறகு நாற்பது, மதியத்துக்குள் அறுநூறு. இடுக்கிக் கலமும் அதில் அடக்கம். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது.

"காலித் தொட்டி எப்படிம்மா வெடிக்கும்?" என்று மேலதிகாரி கேட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா சட்டை மாற்றி, தலைவாரி, கதவருகே நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"என்னம்மா, என் மூத்தவன் சிக்கினானா?"

"அப்பா, தொட்டி நெஜமாவே காலியா?"

அவர் அகப்பட்ட திருடனைப்போலச் சிரித்தார். "காலி பண்ணணும்னுதான் உத்தரவு. எனக்கு மனசு வரலம்மா. என்னிக்காவது முழிச்சுக்கிட்டா உதவுமேன்னு கொஞ்சம் மிச்சம் வெச்சேன். இன்னிக்கு ஒனக்கு உதவுச்சா?"

அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"அது ஒண்ணுலதானேப்பா வெச்சீங்க?"

"சேச்சே!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பெத்தவன் ஓரவஞ்சனை பண்ணுவானா? ஏழுலயும் வெச்சிருக்கேன்."

மீதி ஆறும் அந்த அறுநூறு துண்டுகளுக்கு நடுவில்தான் சுற்றிக்கொண்டிருந்தன.