சர்க்கரைக் கண்ணாடி

ரொவீனா பிக்கர்ஸ்கில் இதுவரை ஏழு படங்களில் செத்திருக்கிறாள். குளியல் தொட்டியில் ஒருமுறை, கார் கொட்டகையில் இருமுறை, குளிர்பெட்டிக்குள் ஒருமுறை. மீதி அவளுக்கே ஞாபகமில்லை. "சாவுல எனக்கு முப்பது வருஷ அனுபவம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இது எட்டாவது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில், இயக்குநர் கேரத்தின் சித்தி வீடு. காலை பதினோரு மணி. ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி இரவாக்கியிருந்தார்கள். கதைப்படி, ஒரு குடும்பத்தைப் பல நாளாகப் பின்தொடர்ந்து மிரட்டுகிறவன் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து வருவான். தாயாக நடிக்கும் ரொவீனா அலறி, மண்டியிட்டு, சாக வேண்டும். உடைப்பதற்காகச் சர்க்கரை காய்ச்சி ஊற்றிய கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டாவது டேக் கிடையாதும்மா," என்றான் கேரத். "வயித்துலேர்ந்து கத்தணும்."

"மண்டி போட மாட்டேன், தம்பி."

"முட்டி வலியா? மெத்தை போடச் சொல்றேன்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

காரணத்தை அவள் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில், ஒருவன் எட்டு மாதம் அவள் வாசலுக்கு எதிரே நின்றான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் தேநீரைக் குடித்துவிட்டு, "அழகா இருந்தா அப்படித்தாம்மா" என்று போய்விட்டார். வீட்டைக் காலி செய்தது அவள்தான். அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்புறம் படங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழு கொலைகாரர்கள் முன்னால் மண்டியிட்டாயிற்று.

"நீங்க செத்தாத்தாம்மா புருஷங்காரன் கோடாலிய எடுப்பான். கதையே அதுலதான் நிக்குது," என்றான் கேரத்.

"அந்தக் கோடாலிய என்கிட்ட குடேன்."

"ஐயோ, போதும். ஆக்‌ஷன்!"

கண்ணாடி நொறுங்கியது. முகமூடியும் கத்தியுமாகக் கொலைகாரன் வேடத்தில் பார்னபி நுழைந்தான்; இடைவேளையில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்கும் பரம சாது. ரொவீனாவின் முழங்கால்கள் பழக்கத்தில் மடங்கப் பார்த்தன. அவள் விடவில்லை. ஓரடி முன்னால் வைத்தாள்.

"கால தொடச்சியா?"

பார்னபி திகைத்தான். அடுத்தவர் வீட்டில் அப்படிக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்? மிதியடியில் இரண்டு காலையும் ஒழுங்காகத் தேய்த்தான்.

"ம். இப்ப வெளிய போ."

"நான்... உங்கள..."

"போன்னேன். இனிமே இந்த வாசல்ல உன் நிழல் விழக்கூடாது."

"மன்னிச்சிருங்க," என்று முனகியபடி கொலைகாரன் பின்வாங்கினான்.

"கட்! என் படத்தக் கொன்னுட்டீங்களே!" கேரத் தலையில் கைவைத்தான். தரையெங்கும் சர்க்கரைத் தூள். "இப்ப யாருதான் சாகறது?"

"எழுதுறது உன் வேல, தம்பி." ரொவீனா அந்தச் சமையலறையின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் எங்கயும் போறதா இல்ல."