நாலு மீட்டர்

மூன்றாவது தடவை டேப்பை இழுத்தும் அதே தொண்ணூற்றேழுதான். சர்வேயர் எண்ணை நோட்டில் எழுதாமல் பேனாவை மூடினார்.

நினைவுக்கல்லிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எந்த வழிபாட்டுத்தலமும் வரக் கூடாது என்பது உத்தரவு. குண்டு வெடித்து இருபத்திமூன்று பேர் செத்த இடமாயிற்றே. எதிரே இருக்கும் காலி மனையில் பள்ளிவாசல் கட்டக் கேட்பவர்கள் ஒரு பக்கம், கட்டவே கூடாது என்பவர்கள் மறுபக்கம். இரண்டு கூட்டமும் அவர் டேப்பையே முறைத்துக்கொண்டு நின்றது. நாளைக் காலை விசாரணையில் அவர் சொல்லும் எண்தான் முடிவு.

எண்ணில் தப்பில்லை, கல்லில்தான் தப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் அதற்கு முளையடித்த மகராசனும் இவர்தான். வரைபடம் காட்டிய இடத்தில் தோண்டினால் தண்ணீர்க் குழாய் வந்தது. காதும் காதும் வைத்தாற்போல் மனைப் பக்கமாக நாலு மீட்டர் தள்ளி அடித்துவிட்டார். வரைபடத்தின்படி அளந்தால் நூற்றியொன்று.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்ல வாய் வந்தால்தானே! செத்தவர்களில் ஒருவர் இவருடைய அத்தான். "இங்கதான்க்கா அத்தான் விழுந்தாரு" என்று அக்காவுக்குக் கல்லைக் காட்டியவரும் இவரே. வாராவாரம் அவள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அதைப் பிடுங்குவதற்கு எந்தத் தம்பிக்கு மனசு வரும்?

இருப்புக் கொள்ளாமல் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். எதிர்ச் சுவரில் எதிர்ப்பாளர்களின் போஸ்டர்; அதில் அக்காவின் படம், அவளைக் கேட்காமலே போட்டது.

"எதுக்குடா ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்து எடுத்து வைக்கிற? உக்காரு."

உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா ஒரு ஃப்ரேமின் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவர் அங்க விழவே இல்லடா," என்றாள். "அடிபட்டும் ஓடியிருக்காரு. அந்தக் காலி மனையில, வேலி ஓரமாக் கிடந்தாரு. முதல்ல ஓடிப் போனது நான்தான். என் மடியிலதான் உயிர் போச்சு. ஆஸ்பத்திரியிலதான் பார்த்தேன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

சர்வேயர் கையிலிருந்த ஃப்ரேமைக் கீழே வைத்தார். "ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அங்கயும் ஒரு கல்லு நடுவீங்க. மைக்கு வைப்பீங்க. கல்லுகிட்ட உக்காந்தா அந்த வேலி தெரியும். எனக்கு அது போதும்."

"அப்ப அந்த இடத்துலயே பள்ளிவாசல் வந்தா?"

"வரட்டுமே. யாராவது அங்க சத்தம் போடாம தலையைத் தரையில வைக்கட்டும். இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தரும் வைக்கல."

அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. "நாளைக்கு நான் என்னக்கா சொல்றது?"

"குழாயைச் சொல்லு. நாலு மீட்டரைச் சொல்லு. வேலை போனாலும் போகட்டும்." திருகாணி அவள் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. "நான் சொன்னதை மட்டும் வெளிய விட்டுடாதடா. அவரை மறுபடியும் தெருவுல போட்டுப் பார்க்க என்னால முடியாது."