இரண்டு முட்டிக்கு ஒரு ஜோடி கண் இலவசம்

வலது முழங்கால் நாலு லட்சம், இடது மூன்றரை. ஸ்டெம் செல் கிளினிக்கில், கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆலோசகர் விலை சொன்னதும், மெத்தைக்கடைக்காரருக்கு வலிகூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

"இடது மட்டும் ஏன் தம்பி மட்டம்? அதுவும் என் கால்தானே?"

"அந்தப் பக்கம் தேய்மானம் கம்மி சார்."

கடையின் மாடியில்தான் விலை கூடிய மெத்தைகள். ஏறிப்போக இருபத்திரண்டு படி. மூன்று மாதமாக அதில் ஒன்றுகூட அவரால் ஏற முடியவில்லை. மாடி வியாபாரம் மச்சான் கைக்குப் போயிருந்தது. போன வாரம் அவன் ஒரு ஸ்பிரிங் மெத்தையை வாங்கின விலைக்கே விற்றுவிட்டு, "நல்ல மனுஷங்க மாமா" என்று காரணம் சொன்னான். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மாடியையே தலைமுழுக வேண்டியதுதான். அந்த பயத்தில்தான் ஐயாயிரம் முன்பணம் கட்டிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

ஆலோசகர் ஒரு பிளாஸ்டிக் முழங்காலைக் கழற்றிக் காட்டினார். "ஸ்டெம் செல்னா, என்ன வேலைன்னு இன்னும் முடிவாகாத செல் சார். எலும்பாவும் ஆகும், குருத்தெலும்பாவும் ஆகும். உங்க வயித்துக் கொழுப்புலேருந்தே எடுத்து, சுத்தம் பண்ணி, முட்டியில ஊசியா போட்டுடுவோம்."

"அப்ப சரக்கு என்னோடது."

"சார்?"

"துணி நம்மளோடதுன்னா தையல்காரர் கூலி மட்டும்தானே வாங்குவார்? கொழுப்பு நான் குடுக்கிறேன். அதுவும் முப்பது வருஷமா பார்த்துப் பார்த்து வளர்த்த கொழுப்பு. கூலியை மட்டும் சொல்லுங்க."

"தொப்பையை மூலதனம்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

பேரம் ஆரம்பமானது. எழுந்து போவதுபோல் பாவனை செய்தார், முட்டி நிஜமாகவே மளுக்கென்றது, உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் விலை இறங்கியது. ஐந்து, மூன்று, இரண்டு. கடைசியில் இரண்டு முட்டியும் சேர்த்து ஒன்றேகால் லட்சம்.

"இன்னிக்கே கையெழுத்துப் போட்டா, மிச்சத்தைக் கண்ணுலயும் இலவசமா போட்டுடறோம் சார். அப்புறம் மூக்குக்கண்ணாடியே வேண்டாம்."

ஏழரையை ஒன்றேகாலுக்கு அடித்த பூரிப்பில் அவர் பேனாவைத் திறந்தார்.

"ஏங்க, இருங்க" என்றாள் மனைவி. "தம்பி, முட்டிக்குள்ள போனா எலும்பு மாதிரி ஏதோ ஆகும்ங்கறீங்க. கண்ணுக்குள்ள போயும் எலும்பாவே ஆயிட்டா?"

"எங்க என்ன ஆகணும்னு செல்லுக்கே தெரியும்மா."

"எப்படித் தெரியும்? உள்ள போர்டு வெச்சிருக்கா?"

ஆலோசகர் தண்ணீர் குடிக்கப் போனார். கடைக்காரரின் பார்வை படிவத்தின் அடிக்கு இறங்கியது. மெத்தைமேல் பிள்ளைகள் குதித்தால் உத்தரவாதம் செல்லாது என்பதை எறும்பு சைஸில் அச்சடித்துத் தருபவர் அவர்; பொடி எழுத்து எங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? 'கிருமித்தொற்று, கட்டி, பார்வை இழப்பு ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

பேனாவை மூடினார்.

மறுநாள் மனைவி அவரை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

"சில ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை நிரூபணமானது. எலும்பு மஜ்ஜை மாத்துறாங்களே, அதுதான். தேய்ஞ்ச முட்டிக்கு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது" என்றார் டாக்டரம்மா. "வெளிய எடுத்துக் கையாளும்போது கிருமி சேரலாம். போட்ட இடத்துல நிக்காம போகலாம், வேண்டாததா வளரலாம், கட்டியாகலாம். கண்ணுல போட்டுப் பார்வை போனவங்களே இருக்காங்க."

கடைக்காரர் தலையாட்டினார். "புரியுது. வேலை முடிவாகாது, போன இடத்துல ஒட்டிக்கும், நாலு பேரைச் சேர்த்துக்கும், என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. அப்படியே என் மச்சான்."

"என் தம்பியை இழுக்கலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முறையான ஆராய்ச்சின்னா அனுமதி வாங்கியிருப்பாங்க, அப்புறமும் உங்களைக் கவனிச்சிட்டே இருப்பாங்க. ஊசிக்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டாங்க."

"காசே இல்லையா? அப்ப நான் எதைக் குறைக்கிறது?"

"எடையை. எட்டு கிலோ. கூடவே தினமும் தொடைக்குப் பயிற்சி."

"ஆறு?"

"எட்டு."

"ஏழரை. இப்பவே ஒத்துக்கிறேன்."

"எட்டு."

அவருக்கு அந்த நிமிடமே நம்பிக்கை வந்துவிட்டது. கேட்டதும் இறங்குகிறவனிடம் சரக்கு இருப்பதில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம்.

முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றது கிளினிக். அவர் சண்டை போடவில்லை. காத்திருப்போர் சோபாவில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் உரக்கச் சந்தேகம் கேட்டார்: "ஏங்க, கண்ணுல எலும்பு முளைச்சா யாரைப் பார்க்கணும்? கண் டாக்டரையா, எலும்பு டாக்டரையா?" மூன்றாவது ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் முன்பணம் போட்ட உறை வந்து சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, கடைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். மாடியில் மச்சான் யாருக்கோ தள்ளுபடி சொல்வது கேட்டது. "குறைக்காதேடா!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினார். குரல் போய்ச் சேர்ந்தது. மச்சான் விலையை ஏற்றிச் சொன்னான். பிறகு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்:

முன்பணம் ஐயாயிரம், வரவு. டாக்டர் கட்டணம் முந்நூறு, செலவு. எடை எட்டு கிலோவில் கழிந்தது ஒன்றே முக்கால், பாக்கி ஆறேகால். படி இருபத்திரண்டில் ஏறியது ஒன்பது, பாக்கி பதின்மூன்று.