டைனமோவைக் கழற்றிய வாரம்

யோகராஜின் அம்பாசடர் அறுபத்தைந்தாம் வருஷத்து வண்டி. போடியில் உரக்கடை வைத்திருக்கும் அவர், ஓடாமல் கிடந்த அதை வாங்கி, இருபது வருஷமாக ஒவ்வொரு பாகமாகத் தேடிப்பிடித்து மாட்டியிருந்தார். புதுசாக வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் அவருக்கு. ஹாரன் பட்டனைக்கூட மாற்ற விடமாட்டார். அதனால் அவர் பட்டறைக்கு வந்து, "டைனமோவக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போடணும்" என்றதும், வயரிங் வேலை பார்க்கும் முத்துக்கண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"மதுரையில பழைய கார் கண்காட்சியில ஷீல்டு குடுத்த வண்டிண்ணே."

"தெரியும். வீட்டுக்கு வந்து செஞ்சு குடு."

காரணம் அவர் மனைவி சந்திரவல்லி. நுரையீரல் சுருங்கி ஒன்றரை வருஷமாகிறது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினும் மூக்கில் மாட்டிய குழாயும்தான் துணை. மலைமேல் குரங்கணியில் அவளுடைய அக்கா பாண்டியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். அவளால் இறங்கி வர முடியாது, இவளால் ஏறிப் போக முடியாது.

தை மாதம் ஒரு தடவை சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு கிளம்பினார்கள். பாதி வழியில் அது தீர்ந்துவிட்டது. திரும்பி வந்து சேர்வதற்குள் அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அதற்கப்புறம், "போன்ல பேசிக்கிறேங்க, போதும்" என்று நிறுத்திக்கொண்டாள். வாடகைக் காரும் ஒத்துவரவில்லை. அம்பாசடரின் பின்சீட்டில்தான் அவளால் கால் நீட்டிச் சாய முடியும்.

"இன்வெர்ட்டர் வச்சு மெஷின வண்டியிலயே ஓட்டலாம்ணே. ஆனா டைனமோவால முடியாது. மலை ரோட்டுல மெதுவாப் போறப்ப அது கரண்டே குடுக்காது" என்று முத்துக்கண்ணனும் ஒப்புக்கொண்டான்.

மாருதி வண்டியின் ஆல்டர்னேட்டர் ஒன்று கிடைத்தது. அம்பாசடரில் அது உட்காரவில்லை. லேத்தில் ஒரு பிராக்கெட் அடித்து, இரண்டு தடவை அரத்தால் ராவி, புல்லியை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர ஒரு நாள் போனது. மறுநாள் பேட்டரிக்குத் தடித்த வயர் இழுத்தான். டேஷ்போர்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்தான். கழற்றிய டைனமோவை யோகராஜ் துணியில் சுற்றி ஷெட்டின் மூலையில் வைத்தார். அதை முத்துக்கண்ணன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

இஞ்சினைக் கிளப்பினார்கள். மீட்டரில் பன்னிரண்டு வோல்ட்; சார்ஜ் ஏறினால் பதினான்கு காட்ட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தும் முள் நகரவில்லை. வயரையெல்லாம் பிடித்துப் பிடித்துப் பார்த்த முத்துக்கண்ணன், "ஆல்டர்னேட்டரே போயிருச்சு போலண்ணே, கழட்டிர்றேன்" என்று ஸ்பானரை எடுத்தான்.

வீட்டுக்குள்ளிருந்து நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சந்திரவல்லி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூச்சை வாங்கி வாங்கிப் பேசினாள்.

"இங்கேருங்க. சாவி போட்டா செவப்பா ஒரு லைட்டு எரியுமே. கொஞ்ச நாளா எரியலையே."

முத்துக்கண்ணன் டேஷ்போர்டுக்குள் கைவிட்டு அந்தக் குட்டி பல்பைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே கம்பி அறுந்திருந்தது. "இது வழியாத்தாண்ணே ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்டே போகுது. டைனமோவுக்கு இது தேவையில்ல, அதான் யாருக்கும் தெரியல" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "மதினி, நீங்க பட்டறைக்கு வேலைக்கு வந்துருங்க."

புது பல்பு போட்டதும் முள் பதினான்கைத் தொட்டது. மெஷினை வண்டியில் ஏற்றி, இன்வெர்ட்டரில் சொருகி, ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டார்கள். முள் பதினான்கிலிருந்து இறங்கவில்லை.

முத்துக்கண்ணன் போன பிறகு அவள் கேட்டாள். "அந்த டைனமோவ எப்படிங்க கழட்ட மனசு வந்துச்சு?"

"ஒரு இரும்புதான."

"போன வருஷம் அத நான் தொடச்சதுக்கே வஞ்சீங்க."

அவர் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் சேலைத் தலைப்பால் அந்தக் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். அவருக்குப் பாதிக் கண் ரோட்டில், பாதிக் கண் மீட்டரில். மலையடிவாரத்து முந்தல் தாண்டும்வரை அவளும் மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரில் முனகியபோதும் அந்தச் சத்தம் குறையவில்லை. அதன் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க. இஞ்சின அணைக்காதீங்க."

ரோட்டோரத் தோட்டத்தில் காப்பி பூத்திருந்தது. மூக்கிலிருந்த குழாயை ஒரு விரலால் லேசாக விலக்கி, அந்த வாசத்தை ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி பொருத்திக்கொண்டாள். அவர் திட்டவில்லை.

குரங்கணியில் பாண்டியம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. மெஷினை அதில் சொருகியதும் தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவள் முகத்தைத் தடவி, "என்னடி இப்படி எளைச்சுட்ட" என்றாள். "நீ மட்டும் என்னவாம்" என்றாள் இவள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். யோகராஜ் கதவைச் சாத்தாமல் மெதுவாக வெளியே வந்து, வண்டியின் பேனட்டைத் திறந்து சூடு ஆறவிட்டார்.